தமிழில் அச்சடிப்பது: கையச்சு முதல் எஞ்சின் வரை, டர்பன் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலால் மிதித்து ஓட்டும் பழைய ட்ரெடில் மிஷின் கைக்கு வந்து சேர்ந்தவர்கள், கல்யாணப் பத்திரிகையையோ காவடி நோட்டீஸையோ கையால் அச்சடிக்க நினைப்பவர்கள், டர்பன் அருகே காந்தி அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பின் அச்சகத்தைப் பார்த்துவிட்டு வந்து விவரம் கேட்பவர்கள் என மூன்று வகையினருக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள். பிரஸ்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் சொற்களையே எழுதியிருக்கிறோம்.

கையச்சு என்றால் எவையெல்லாம் அதில் அடங்கும்?

மை எங்கே நிற்கிறது என்று பார்த்தால் குழப்பம் வராது. மரக்கட்டை, லினோ, ஈய எழுத்து ஆகியவற்றில் மேடான பகுதி மட்டும் மை வாங்கித் தாளில் பதியும். சைக்ளோஸ்டைலிலும் ஸ்கிரீன் பிரிண்டிங்கிலும் திறந்திருக்கும் இடம் வழியாக மை கீழே இறங்கும். 1796 வாக்கில் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சில் மேடும் இல்லை, துளையும் இல்லை. எண்ணெய்ப் பசை உள்ள இடம் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் மையைத் தள்ளும். இன்று கடைகளில் ஓடும் ஆஃப்செட் இந்தக் கல்லச்சின் வழி வந்ததுதான். இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி ஈய எழுத்தைப் பற்றியது. தமிழ்ப் பத்திரிகைகளும் புத்தகங்களும் மிக நீண்ட காலம் அதில்தான் வந்தன.

கை இயந்திரத்துக்கும் எஞ்சின் இயந்திரத்துக்கும் வேகத்தில் எவ்வளவு வித்தியாசம்?

மரத்தால் ஆன பழைய கை இயந்திரத்தில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தோல் உருண்டைகளால் எழுத்துமேல் மை ஒற்றுவார், மற்றவர் தாளை வைத்துக் கம்பியை இழுப்பார். மணிக்கு 200 முதல் 250 தாள் வந்தால் நல்ல வேலை. அதற்கும் முதல் நாளே தாளை நனைத்து அடுக்கிப் பாரம் வைத்திருக்க வேண்டும். ஈரம் இல்லாத தாளில் அந்தக் கால அழுத்தம் போதாது.

1800 வாக்கில் வந்த ஸ்டான்ஹோப் இரும்பு இயந்திரமும், பின்னால் வந்த கொலம்பியன், ஆல்பியன் வகைகளும் இழுக்கும் சிரமத்தைக் குறைத்தன. ஒரே இழுப்பில் முழுப் பக்கம் பதிந்தது. ஆனால் வேகம் பெரிதாகக் கூடவில்லை, ஏனென்றால் தாள் வைப்பதும் மை பூசுவதும் அப்போதும் கைவேலைதான். உண்மையான தாவல் 1814 நவம்பர் 29 அன்று நடந்தது. லண்டன் டைம்ஸ் பத்திரிகை கோனிக் என்பவர் செய்த நீராவி சிலிண்டர் இயந்திரத்தில் மணிக்கு 1,100 தாள் வீதம் அச்சானது. சிறிய பிரஸ்களுக்கு வாழ்வு தந்தது காலால் மிதிக்கும் ட்ரெடில். பழகிய கை அதில் மணிக்கு 800 முதல் 1,000 வரை ஓட்டும். தாளைத் தானே எடுத்துத் தானே தள்ளும் ஹைடல்பர்க் பிளேட்டன் 5,000 வரை போகும்.

ஃபீனிக்ஸில் எஞ்சின் இருந்ததா, கையால் சுற்றினார்களா?

இரண்டும் நடந்தது. டர்பன் கிரே ஸ்ட்ரீட்டில் மதன்ஜித் வியவஹாரிக் 1898-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் பிரிண்டிங் பிரஸ்ஸில் 1903 ஜூனில் 'இந்தியன் ஒப்பீனியன்' பிறந்தது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகள். 1904 இறுதியில் பிரஸ் முழுவதும் ஃபீனிக்ஸுக்குப் பெயர்ந்தது. அங்கே அச்சான முதல் இதழ் டிசம்பர் 24 தேதியிட்டது.

மிஷினை ஓட்ட எண்ணெய் எஞ்சின் பொருத்தினார்கள். அது நின்றுபோனால் என்ன செய்வது என்று யோசித்துக் கையால் சுற்றும் பெரிய சக்கரம் ஒன்றையும் சேர்த்து வைத்தார்கள். தினசரிப் பத்திரிகை அளவில் இருந்த தாளை ஃபூல்ஸ்கேப் அளவுக்குக் குறைத்தார்கள். அவசரம் வந்தால் அந்த அளவை ட்ரெடிலிலேயே அடித்துவிடலாம் என்பது கணக்கு. இந்த முன்யோசனையை அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். ஊருக்கு வெளியே பிரஸ் வைப்பவர் தன் பெரிய மிஷின் நின்றாலும் சின்ன மிஷினில் முடிக்கக்கூடிய தாள் அளவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் இரவே எஞ்சின் மக்கர் செய்தது. பாரமெல்லாம், அதாவது சட்டத்தில் அடுக்கிய எழுத்துப் பக்கங்கள், பூட்டித் தயாராக இருந்தன. டர்பனிலிருந்து வந்திருந்த எஞ்சினியரும் பிரஸ்ஸைக் கவனித்துவந்த ஆல்பர்ட் வெஸ்டும் என்ன செய்தும் எஞ்சின் கிளம்பவில்லை. சக்கரத்தைச் சுற்ற ஒரு நேரத்தில் நான்கு பேர் வேண்டும், அதுவும் மாற்றி மாற்றி. அங்கேயே படுத்திருந்த தச்சர்களை எழுப்பி, காந்தியும் மற்றவர்களும் விடிய விடியச் சுற்றினார்கள். காலை ஏழு மணிக்கு எஞ்சின் ஓடத் தொடங்கியது, இதழ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னால் ஒரு கட்டத்தில் எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்திவிட்டுக் கைபலத்தால் மட்டுமே அச்சடித்தார்கள் என்றும், ஃபீனிக்ஸின் ஒழுக்க உயர்வுக்கு அதுவே உச்சக் காலம் என்றும் காந்தி எழுதி வைத்திருக்கிறார். ஆகவே கையிலிருந்து எஞ்சினுக்கு நேர்கோட்டில் போனது என்ற சித்திரம் அங்கே பொருந்தாது.

எஞ்சின் வந்த பிறகும் 'இந்தியன் ஒப்பீனியன்' தமிழ்ப் பக்கங்கள் ஏன் நின்றன?

1906 பிப்ரவரியில் தமிழ், இந்திப் பகுதிகள் நிறுத்தப்பட்டன. அந்த மொழிகளுக்கு நிலையான ஆசிரியர்களும் எழுத்துக் கோர்க்கும் கம்போசிட்டர்களும் கிடைக்காததே சொல்லப்பட்ட காரணம். இதைக் கவனிக்காமல் போகிறவர்கள் அதிகம். அச்சடிப்பதற்கு இயந்திரம் வந்துவிட்டது, ஆனால் எழுத்துக் கோர்ப்பது கைவேலையாகவே இருந்தது. தமிழ் அச்சில் நேரத்தையும் ஆளையும் தின்பது கோர்ப்புத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபூல்ஸ்கேப் பக்கம் ஒன்றில் 2,500 எழுத்து என்று வைப்போம். தேர்ந்த கம்போசிட்டர் மணிக்கு 1,000 எழுத்து கோர்த்தால் இரண்டரை மணி நேரம். புரூஃப் திருத்தம் தனி. அச்சான பின் எழுத்தைப் பிரித்துக் கேஸில் (எழுத்து வைக்கும் அறைகள் கொண்ட பெட்டி) போடக் கோர்த்த நேரத்தில் கால்வாசி ஆகும். அதே பக்கத்தை ட்ரெடிலில் 1,000 பிரதி அடிக்க ஒரு மணி நேரம் போதும். எஞ்சின் வைத்தால் அந்த ஒரு மணி அரை மணியாகலாம், முன்னால் உள்ள நேரம் அப்படியே நிற்கும். ஆங்கிலத்துக்கு 1886-இல் லைனோடைப் வந்து கோர்ப்பையும் இயந்திரத்திடம் கொடுத்தது. ஆனால் அதன் விசைப்பலகையில் 90 விசைகள்தான். தமிழ் எழுத்து வகைகள் அத்தனையும் அதற்குள் அடங்காது.

பி.எஸ். ஐயர் 1908-இல் டர்பனில் தொடங்கிய 'ஆஃப்ரிகன் க்ரானிக்கிள்' ஆங்கிலத்தோடு தமிழிலும் வந்தது. நேட்டாலில் தமிழ் இதழ் நடத்திய யாரும் கடலுக்கு அப்பாலிருந்து எழுத்து வரவழைத்து, அதைக் கோர்க்கத் தெரிந்த ஆளையும் தேடிப் பிடித்தாக வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த இதழ்களின் ஒவ்வொரு தமிழ்ப் பக்கமும் எவ்வளவு உழைப்பு என்று புரியும்.

தமிழ்க் கேஸில் எத்தனை வகை எழுத்து வேண்டும்? 247 இல்லையே?

247 வேண்டாம். உயிரும் ஆய்தமும் 13, மெய் 18, அகர உயிர்மெய் 18. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் ஒட்டிய வடிவங்கள் என்பதால் பொதுவாகத் தனித்தனியாக வார்ப்பார்கள், அவை 72. இதுவரை 121. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி நான்கும் தனி. 1978-இல் தமிழ்நாடு அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து என்றால் ணா, றா, னா மூன்றும், ணை, லை, ளை, னை நான்கும் பழைய சேர்ப்பு வடிவத்தில் இருக்கும். கிரந்தம், எண்கள், நிறுத்தக்குறிகள் சேர்த்தால் 150-ஐ எளிதாகத் தாண்டும்.

உங்களுக்குக் கிடைத்த கேஸில் ஐகாரக் குறி குறைவாக இருப்பதாகத் தோன்றினால் முதலில் துதிக்கை போட்ட 'ளை' போன்ற பழைய வடிவங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் அது பழைய எழுத்துத் தொகுதி, குறை அல்ல. ஒரே பாரத்தில் பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள்.

ஸ்டிக்கில் கோர்ப்பது எப்படி?

ஸ்டிக் என்பது எழுத்தை அடுக்கும் சிறு கைத்தட்டு. அதன் அகலத்தை வரியின் நீளத்துக்கு நிறுத்தி இறுக்குங்கள். இடது உள்ளங்கையில் ஸ்டிக், கட்டைவிரல் கடைசியாக வைத்த எழுத்தின்மேல். எழுத்து தலைகீழாக இருக்கும், ஆனால் இடமிருந்து வலமாகவே அடுக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் ஒரு காடி இருக்கும், அதை 'நிக்' என்பார்கள். எல்லா நிக்கும் மேல்பார்த்து ஒரே கோட்டில் நின்றால் எழுத்து திரும்பவில்லை என்று பொருள். வேறு தொகுதியின் எழுத்து புகுந்திருந்தாலும் நிக் காட்டிக்கொடுக்கும்.

'கொ' கோர்க்கக் கொம்பு, க, கால் என்று மூன்று எடுப்பு. 'கௌ'வில் காலுக்குப் பதில் ள வடிவம். உச்சரிப்பு வரிசையில் யோசித்துக் கொண்டு கை நீட்டினால் கொம்பு தவறும். கண்ணால் பார்க்கும் வரிசையில்தான் கை போக வேண்டும்.

வரி முடிவில் இடம் சரிசெய்வது தமிழில் தனிக் கலை. சொற்கள் நீளம் என்பதால் முழுச்சொல்லாகவே நிறுத்தினால் நடுவில் பெரிய ஓட்டை விழும். ஆகவே சொல்லை உடைப்பார்கள், இணைப்புக்கோடு போட மாட்டார்கள். புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பது மட்டும் விதி. 'பத்திரிகை' என்பதை 'ப' என்று நிறுத்தி அடுத்த வரியை 'த்'தில் தொடங்கினால் எந்தப் பழைய ஃபோர்மேனும் விடமாட்டார். வரி முடிந்ததும் ஸ்டிக்கைச் சற்றே சாய்த்தால் வரி தானாக நிற்க வேண்டும், விழவும் கூடாது, விரலால் தள்ளினால் நகராமல் இறுகவும் கூடாது. வரிகளுக்கு இடையே 2 பாயின்ட் லெட் (மெல்லிய ஈயத் தகடு) போடுங்கள். தமிழில் ஊகாரமும் கொக்கிகளும் கீழே இறங்குவதால் லெட் இல்லாத பக்கம் கண்ணைக் குத்தும்.

பாரம் பூட்டும்போது எழுத்து உதிர்கிறது. ஏன்?

பெரும்பாலும் வரிகளின் நீளம் ஒன்றாக இல்லாததுதான் காரணம். ஒரு வரி அரை பாயின்ட் நீளமாக இருந்தால் அது மட்டும் அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும், மேலும் கீழும் உள்ள வரிகள் தளர்ந்துவிடும். பாரத்தை இறுக்கும் குவாயினை இன்னும் முறுக்கினால் சரியாகும் என்று நினைப்பது தவறு. அதிக முறுக்கில் பாரம் நடுவில் மேலெழும்பி, அச்சிடும்போது மொத்தமாகச் சிதறும்.

சமதளக் கல்லில் சேஸ் என்ற இரும்புச் சட்டத்தை வைத்து, எழுத்தைச் சுற்றி இடம் நிரப்பும் பர்னிச்சர் கட்டைகளை அடுக்கி, குவாயின்களை விரலால் மட்டும் இறுக்குங்கள். பிறகு மரக்கட்டையை எழுத்துமேல் வைத்து மெல்லத் தட்டி மட்டம் செய்யுங்கள். அதன்பிறகே சாவியால் பூட்டுவது. சேஸின் ஒரு மூலைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டையைக் கொடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். எது அசைகிறதோ அந்த வரியில் மெல்லிய ஸ்பேஸ் சேர்க்க வேண்டும்.

புரூஃபில் முதலில் தேட வேண்டியவை: கால் இருக்க வேண்டிய இடத்தில் ர, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறியது, ன-ண குழப்பம், தேய்ந்து காணாமல் போன புள்ளி.

ட்ரெடிலில் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழுகிறது. மை போதவில்லையா?

மையைத் தொடுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். ரோலர் உயரம் முதலாவது. எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.3 மில்லிமீட்டர். அதே உயரமுள்ள கட்டையின்மேல் மை பூசிய ரோலரை இறக்கி எடுத்தால் சுமார் 3 மில்லிமீட்டர் அகலக் கோடு விழ வேண்டும். அதைவிட அகலமாக இருந்தால் ரோலர் தாழ்ந்து எழுத்தின் பக்கவாட்டிலும் மை தடவுகிறது. கோடு ஒரு முனையில் ஒல்லியானால் ரோலர் சாய்ந்திருக்கிறது.

இரண்டாவது பேக்கிங். தாள் வைக்கும் தட்டின்மேல் உள்ள அடுக்கில் எங்கே மங்கலோ அங்கே மட்டும் டிஷ்யூ காகிதத்தை வெட்டி ஒட்டுங்கள். அச்சின் அழகில் பாதி இந்தப் பொறுமையில்தான் இருக்கிறது, அவசரப்பட்டு முழு அடுக்கையும் தடிக்க வைப்பவர்கள் எழுத்தைத் தேய்த்துத் தீர்க்கிறார்கள். மூன்றாவது, பாரத்தின் அடியில் மரத்தூளோ ஈயத் துணுக்கோ சிக்கியிருக்கிறதா என்பது.

10×15 அங்குல ட்ரெடிலில் தொடங்க அரை டீஸ்பூன் மை தாராளம். எழுத்துக் கண்கள், முக்கியமாக 'ஐ', 'இ', 'ஞ' ஆகியவற்றின் உள்வளையங்கள், அடைத்துக்கொண்டால் மை கூடுதல்.

டர்பன் புழுக்கம் அச்சைப் பாதிக்குமா?

நன்றாகவே பாதிக்கும். பழைய ரோலர்கள் வஜ்ஜிரப் பசையும் கரும்புப் பாகும் அல்லது கிளிசரினும் காய்ச்சி வார்த்தவை. காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஊதிப் போகும், மேலே ஈரப்படலம் படிந்து மையை ஏற்க மறுக்கும், சூட்டில் இளகும். அப்படிப்பட்ட ரோலர் மிஷினோடு வந்தால் அதைக் காட்சிக்கு வைத்துவிட்டு ரப்பர் பூசிய புதியதை மாட்டுங்கள்.

காகிதமும் ஈரத்தில் விரியும், இழையின் குறுக்காக அதிகம் விரியும். குங்குமச் சிவப்பும் கறுப்புமாக இரண்டு நிறம் அடிப்பதானால் முதல் நிறத்தை இன்றும் இரண்டாவதை அடுத்த வாரமும் அடித்தால் பொருந்தாது. காகிதத்தை ஒரு நாள் முன்பே அச்சடிக்கும் அறையில் வைத்து, இரண்டு நிறத்தையும் அடுத்தடுத்த நாளில் முடியுங்கள். மை காயத் தாமதமாகும் மாதங்களில் தாள்களை உயரமாக அடுக்கினால் மேல் தாளின் முதுகில் கீழ்த்தாளின் மை ஒட்டும். கல்யாணப் பத்திரிகையின் மூலைகளில் மஞ்சள் தடவுவதை மை முழுக்கக் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் ஈய எழுத்து கிடைக்கவில்லை. ட்ரெடில் மட்டும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பாலிமர் தட்டு. எங்கள் பார்வையில் தென்னாப்பிரிக்காவில் தமிழைக் கையச்சில் கொண்டுவர இன்று இதைவிட நல்ல வழி இல்லை. கம்ப்யூட்டரில் யூனிகோட் எழுத்தில் பக்கத்தை வடிவமைத்து நெகட்டிவ் ஃபிலிம் எடுப்பார்கள். அதை ஒளி படும் பாலிமர் தட்டின்மேல் வைத்துப் புற ஊதா ஒளி காட்டினால் எழுத்துப் பகுதி இறுகும், மீதி வெதுவெதுப்பான நீரில் கரைந்து போகும். காய வைத்து மறுபடி ஒளி காட்டினால் தட்டு தயார். அலுமினிய அடிமனையின்மேல் ஒட்டினால் மொத்த உயரம் அதே 23.3 மில்லிமீட்டர் வர வேண்டும். தட்டில் எழுத்து இடவலம் மாறித் தெரிய வேண்டும். நேராகப் படிக்க முடிந்தால் தாளில் கண்ணாடி எழுத்துத்தான் விழும்.

மெல்லிய கோடுள்ள ஃபான்ட்டைத் தவிருங்கள். 0.2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கழுவும்போது புள்ளிகள் உதிரும், தமிழில் ஒரு புள்ளி உதிர்ந்தால் சொல்லே மாறும். தடித்த பருத்திக் காகிதத்தில் ஆழமாகப் பதிக்கும் ஆசை பாலிமருக்குச் சரி. ஈய எழுத்தை அப்படி அழுத்தாதீர்கள், அதை மீண்டும் வார்த்துத்தர ஆள் கிடைப்பது அரிது.

அச்சுக் கடையில் கொடுத்த ஃபைலில் தமிழ் உடைந்து வருகிறதே?

கடையில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாததால் தவறு கடைசிவரை கண்ணில் படாது. மென்பொருளில் இந்திய எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வசதி முடக்கப்பட்டிருந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளியிட்ட வட்டம் முளைக்கும். உங்கள் கம்ப்யூட்டரிலேயே எழுத்துகளைக் கோட்டுவடிவாக மாற்றிப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். கூடவே சரியான பிரதியைத் தாளில் எடுத்துத் தந்து, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போடுங்கள். தமிழ்ப் பக்கம் தலைகீழாக மடிக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது.

மிஷினே இல்லாமல் வீட்டில் தொடங்க எது நல்லது?

லினோ. எழுத்தைத் தாளில் எழுதி, திருப்பி ஒட்டி, எழுத்தைச் சுற்றியுள்ள பகுதியைச் செதுக்குங்கள். ரோலரால் மை பூசி, தாளை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் வட்டமாகத் தேய்த்தால் போதும். நம் மாகாணத்திலேயே ரோர்க்ஸ் டிரிஃப்ட் கலை மையம் லினோ அச்சுக்குப் பெயர் பெற்றது.

நூறு பிரதிக்கு மேல் என்றால் ஸ்கிரீன். துணிக்கு 43டி (சென்டிமீட்டருக்கு 43 இழை) வலை, காகிதத்தில் நுண்ணிய தமிழ் எழுத்துக்கு 77டி முதல் 90டி. டிசம்பர் முதல் மார்ச் வரை வலையில் தடவும் ஒளி உணர் பூச்சு வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். அந்த நிலையில் ஒளி காட்டினால் கழுவும்போது எல்லாம் வழிந்துவிடும். சைக்ளோஸ்டைல் கிடைத்தால், மெழுகுத் தாளில் ஊசியால் எழுதும்போது வளையங்களை முழுவதும் மூடாமல் மயிரிழை விடுங்கள். மூடினால் நடுவிலுள்ள மெழுகு பெயர்ந்து எழுத்துக்குள் கறுப்புத் திட்டு விழும்.

ஈய எழுத்தைத் தொடுவது ஆபத்தா?

எழுத்து ஈயம், அன்டிமனி, தகரம் மூன்றும் கலந்தது. தொட்டு வேலை செய்யலாம், வாய்க்குப் போகக் கூடாது. கேஸ் பக்கத்தில் சாப்பாடு, தேநீர், பீடி எதுவும் வேண்டாம், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெள்ளைப் பொடி பூத்த எழுத்தை ஊதித் துடைக்காதீர்கள், ஈரத் துணியால் ஒற்றியெடுங்கள். சிறுபிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். உடைந்த எழுத்தை வீட்டு அடுப்பில் உருக்குவது கூடவே கூடாது.

பழைய தமிழ்ப் பக்கங்களையும் அச்சகத்தையும் எங்கே பார்க்கலாம்?

1985 கலவரத்தில் நாசமான ஃபீனிக்ஸ் குடியிருப்பு 2000-இல் சீரமைத்துத் திறக்கப்பட்டது. அச்சகக் கட்டடம் அங்கே இருக்கிறது. குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ்களைப் பார்க்கலாம். பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துச் சென்று 1903 முதல் 1906 வரையிலான தமிழ்ப் பத்திகளில் வரி முடிவுகளையும், ணை, லை போன்ற பழைய வடிவங்களையும், தேய்ந்த புள்ளிகளையும் பாருங்கள்.